செவ்விளக்கின் முன் ஒருவர்

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 15ஆந் திகதி, பெரிய வாரத்துத் திங்கட்கிழமை. பரிஸ் மாநகரின் நோத்ர் தாம் பேராலயத்திலே மாலைப் பூசைக்கு மக்கள் கூடியிருந்தனர். பேராலயத்தை அடுத்துள்ள குருமனையில், தீயறிவிப்புப் பலகை ஒன்றின் முன்னே ஊழியர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் அவ்வேலைக்கு வந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. அன்று தமக்குரிய எட்டு மணிநேரக் கடமையை முடித்த அவர், அடுத்து வரவேண்டியவர் வராது போகவே, இரண்டாவது எட்டு மணிநேரத்தையும் தாமே ஏற்றிருந்தார். மாலை 6.18 மணியளவிற் பலகையிலே செவ்விளக்கு மின்னிற்று. தீ என்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அதிலே தோன்றிற்று.

அச்செவ்விளக்குப் பொய் சொல்லவில்லை. பேராலயத்தின் கூரைப்பரணில் அப்பொழுது தீ பற்றியிருந்தது. 1163ஆம் ஆண்டளவிற் கட்டத் தொடங்கப்பெற்ற அவ்வாலயத்தின் ஈயத் தகட்டுக் கூரையைத் தாங்கி நின்ற ஓக் மரச்சட்டங்கள் பெரும்பாலும் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளுக்குரியவை. அவற்றின் செறிவை நோக்கி அப்பரணைக் 'காடு' என்றே அழைத்து வந்தனர். அக்காட்டிலே புகை எழுந்ததும் கருவி அதனை உணர்ந்தது. கம்பி அதனைக் கடத்தியது. பலகை அதனைக் காட்டியது. ஊழியரும் அதனைக் கண்டார். எவரும் உறங்கிவிடவில்லை. எனினும், தீயணைப்புப் படைக்கு முதல் அழைப்புச் சென்றபோது ஏறத்தாழ அரைமணி நேரம் கழிந்திருந்தது.

அந்த அரைமணி நேரம் எங்கே போயிற்று என்பது தீயணைப்பு வல்லுநரின் வினா மாத்திரமன்று. சொல்லையும் பொருளையும் கற்பவர்களுக்கும் அதிலே பங்குண்டு.

இத்தகைய பலகையைப் பலரும் பார்த்திருப்பர். கூர்ந்து நோக்கியவர் சிலரே. பெரிய கட்டடங்களின் வாயிலருகே, வைத்தியசாலையின் நுழைகூடத்தில், நூலகத்தின் காவலாளி மேசைக்குப் பின்னால், சுவரிலே பதிக்கப்பட்டதோர் இரும்புப் பெட்டி அது. முகப்பிற் சிறிய எழுத்துத் திரை, வரிசையாய்ச் சில விளக்குகள், திறப்பினாற் பூட்டப்படும் கதவு ஆகியன காணப்படும். ஆண்டு முழுவதும் அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதற்குமேல் ஒன்றும் நிகழ்வதாகத் தோன்றாது. நாட்காட்டி தொங்கவிடுவதற்கு அதன் கதவின் பிடி வசதியானதென்று கண்டுகொண்ட காவலாளிகளும் உளர்.

ஆயின், அமைதியாய்த் தோன்றும் அப்பெட்டி ஒரு கணமேனும் ஓய்ந்திருப்பதில்லை. அதிலிருந்து புறப்படும் இரு கம்பிகள் கட்டடத்தைச் சுற்றி, ஒவ்வோர் அறையிலும் உள்ள புகையுணர் கருவிகளையும் வெப்பமுணர் கருவிகளையும் கண்ணாடியை உடைத்து அழுத்தும் பொத்தான்களையும் தொட்டுக்கொண்டு, ஈற்றில் அப்பெட்டிக்கே திரும்பி வருகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் உண்டு. பெட்டி அவ்விலக்கங்களை ஒவ்வொன்றாய் அழைக்கின்றது. அழைக்கப்பட்ட கருவி, தன்னைச் சூழ்ந்த காற்று எவ்வாறுள்ளதென்பதை ஓர் எண்ணாகத் திருப்பி அனுப்புகின்றது. நூற்றுக்கணக்கான கருவிகளைச் சில விநாடிகளிற் கேட்டு முடித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றது. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும் ஆசிரியரைப் போன்றது இது எனலாம். வேறுபாடு யாதெனில், இவ்வாசிரியர் இரவு பகலாய், கட்டடம் உள்ளவரை, கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

அழைப்புக்கு விடை வராவிட்டாற் பெட்டி அதனை அலட்சியஞ் செய்வதில்லை. 'இன்ன இலக்கம் பேசவில்லை' என்று மஞ்சள் விளக்கை ஏற்றி முறையிடும். கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும், அது வளையமாய் அமைந்திருப்பதனால், இரு முனைகளிலிருந்தும் பேசி எல்லாக் கருவிகளையும் அடைந்துவிடும். மின்சாரம் நின்றுபோனால் உள்ளேயிருக்கும் மின்கலங்கள் அதனை ஒரு நாளேனும் தாங்கும். பழைய முறையில், கம்பியின் கடைசி முனையிலே சிறிய தடையொன்றைப் பொருத்தி, அதனூடே மெல்லிய மின்னோட்டத்தை எப்பொழுதும் ஓடவிட்டிருந்தனர். ஓட்டம் நின்றாற் பழுது, மிகுந்தால் தீ என்பது கணக்கு. புதியதாயினும் பழையதாயினும் இதன் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. மௌனத்தை நலம் என்று எடுத்துக்கொள்ளாது, 'நலம்' என்ற விடையை ஓயாது கேட்டுப் பெற்றுக்கொள்வதே அது. மனிதர் தமக்குள் இவ்வளவு கவனத்தைக் காட்டுவது அருமை.

பல கட்டடங்களைக் கொண்ட வளாகமாயின், கட்டடத்துக்கு ஒரு பெட்டி இருக்கும். அவை யாவும் தம்முட் கம்பியால் இணைக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று தலைமையாய் அமையும். வளாகத்தின் ஒரு கோடியில் எழும் புகை மறுகோடியிலுள்ள தலைமைப் பலகையில் எழுத்தாய்த் தோன்றும். இணைப்பு அறுந்தாலும் ஒவ்வொரு பெட்டியும் தனித்து நின்று தன் கட்டடத்தைக் காக்கவல்லது. தீ என்று உறுதியானதும், முன்னரே வகுத்துக் கொடுத்த ஒழுங்கின்படி, மணிகளை ஒலிப்பிக்கும். மின்னுயர்த்திகளைத் தரைத்தளத்துக்கு இறக்கும். காந்தத்தாற் பிடித்து வைத்திருக்கும் கதவுகளை விடுவித்துச் சாத்தச் செய்யும். காற்றை வீசும் விசிறிகளை நிறுத்தும். இவை அனைத்தையும் எவரையும் கேளாமலே செய்யும்.

ஒன்றை மாத்திரம் அதனாற் செய்ய முடியாது. தான் காட்டும் சொற்களின் பொருள் என்னவென்பதை அது அறியாது.

இது சிறிது விளக்கி உரைக்கத்தக்கது. பெட்டிக்குத் தெரிந்தவை இலக்கங்களே. 'மூன்றாம் வளையம், பதினைந்தாம் கருவி' என்பது அதன் மொழி. அம்மொழி மனிதருக்கு உதவாது. ஆகையால், கருவிகளைப் பொருத்திய தொழில்நுட்பவியலாளர், பணி முடியும் நாளில், ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே ஓர் இடப்பெயரைத் தட்டெழுதி வைக்கின்றார். திரையிலே இத்தனை எழுத்துக்களே அடங்கும் என்ற வரம்பு உண்டு. ஆதலால் அவர் சுருக்கி எழுதுகின்றார். கட்டடத்தைப் பல மாதங்கள் ஏறியிறங்கிப் பழகியவருக்கு அச்சுருக்கத்தில் ஐயம் எழாது. 'மே. தாழ். வட. 2' என்று எழுதும்போது மேல்தாழ்வாரத்தின் வடபுறத்து இரண்டாம் அறை அவருடைய மனக்கண்ணிலே தெளிவாய் நிற்கும். எழுதிவிட்டு அவர் போய்விடுகின்றார். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், அவர் ஒருபோதும் சந்தித்திராத ஒருவர், அக்கட்டடத்தை அறியாத ஒருவர், மணியோசையின் நடுவே, அதனை முதன்முறையாக வாசிக்கின்றார்.

பழைய ஏட்டுச் சுவடியை எதிர்கொள்ளும் பதிப்பாசிரியரின் இடர்ப்பாட்டை ஒத்தது இது. எழுதியவருக்கு வெளிப்படையாயிருந்தது படிப்பவருக்குப் புதிராகின்றது. ஆனால், பதிப்பாசிரியருக்கு ஒரு சொல்லின்மேல் ஓர் ஆண்டு செலவிட உரிமையுண்டு. பிழையாய்க் கொண்டால் அடுத்த பதிப்பிலே திருத்தலாம். பலகையின் முன்னிருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நோத்ர் தாமின் பலகையில் அன்று தோன்றிய செய்தி இரு பகுதிகளைக் கொண்டிருந்தது. முதலாவது, 'பரண் – நடுக்கூடம் – திருப்பண்ட அறை' எனப் பொருள்படும் சொற்கள். இரண்டாவது, இசட்.டி.ஏ. 110-3-15-1 என்றவாறு அமைந்ததொரு குறியீடு. பேராலய வளாகத்தின் 160க்கு மேற்பட்ட உணர்கருவிகளுள்ளும் கைப்பொத்தான்களுள்ளும் ஒன்றேயொன்றை அக்குறியீடு சுட்டியது. அது சுட்டியது பேராலயத்தின் பெரும்பரணிலிருந்த, குழாய்வழியே காற்றை உறிஞ்சிப் புகையைத் தேர்ந்து அறியும் கருவியொன்றை. சொற்களோ கருவியின் இடத்தைக் கூறவில்லை. வளாகத்தைப் பகுத்த பிரிவுகளுள், நடுக்கூடத்தையும் திருப்பண்ட அறையையும் சேர்த்து அடக்கிய பிரிவின் பெயரையே அவை கூறின.

திருப்பண்ட அறை என்பது பூசைக்குரிய ஆடைகளும் பாத்திரங்களும் பேணப்படும் இடம். நோத்ர் தாமில் அது பேராலயத்தின் பக்கத்தே ஒட்டி அமைந்த தனிக்கட்டடம். அதற்கும் ஒரு பரண் உண்டு.

பரண், நடுக்கூடம், திருப்பண்ட அறை. மூன்று பெயர்ச்சொற்கள், அவற்றிடையே வேற்றுமை உருபு ஒன்றுதானும் இல்லை. 'திருப்பண்ட அறையின் பரண்' என்று கொள்வதா? 'நடுக்கூடத்தின் பரண்' என்று கொள்வதா? இலக்கண வகுப்பிலே தொகைநிலைத் தொடரை விரித்துப் பொருள்காணப் பயிலும் மாணவர், உருபு தொக்க இடத்தில் ஐயம் பிறக்குமென்பதை எடுத்துக்காட்டுகளாற் கற்கின்றனர். அத்தகைய எடுத்துக்காட்டொன்று உண்மையிலே எரிந்துகொண்டிருந்தது.

ஊழியரால் அக்குறியீட்டை விரிக்க முடியவில்லை. பேராலயத்திலிருந்த காவலாளி ஒருவருடன் அவர் வானொலிக் கருவியிற் பேசினார். காவலாளி திருப்பண்ட அறையின் பரணுக்குச் சென்றார். அங்கே தீ இல்லை. 'இங்கு ஒன்றுமில்லை' என்பதே அவர் கொடுத்த விடை. அவ்விடை முற்றிலும் உண்மையானது என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்திலே சற்று நின்று, இத்தகைய பிழை புதியதன்று என்பதையும் நோக்கவேண்டும். நகரமொன்றின் தீச்செய்திகளை எல்லாம் ஒரு நடுவிடத்துக்குக் கொணரும் எண்ணம் 1852ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே செயலுருப் பெற்றது. வில்லியம் சானிங் என்னும் மருத்துவப் பட்டதாரியும் மோசெஸ் பாமர் என்னும் மின்பொறியியல் முன்னோடியும் அதனை அமைத்தனர். தெருக்களில் ஏறத்தாழ 40 பெட்டிகள் பொருத்தப்பட்டன. பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் அதன் இலக்கம் தந்திக் கம்பிவழியே நடு நிலையத்துக்குச் செல்லும். அங்குள்ளவர் அதனை வாசித்து நகரின் மணிகளை ஒலிப்பிப்பார். மருத்துவம் பயின்ற சானிங், இவ்வமைப்பை மனித உடலின் நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டு எழுதினார். உணர்நரம்பு செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும். மூளை இயக்கநரம்பு வழியே கையை அசைக்கும். தெருப்பெட்டி உணர்நரம்பு, நடு நிலையம் மூளை, மணிகள் கைகள். இன்றைய கட்டுப்பாட்டுப் பலகையைப் பற்றிப் பேசுவோரும் அதனை 'மூளை' என்றே வழங்குவர். உவமை தோன்றி நூற்றெழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

அவ்வமைப்பின் முதல் அறிவிப்பு 1852 ஏப்பிரல் 29ஆந் திகதி வந்தது. பெட்டியைச் சுழற்றியவர் பதற்றத்தில் மிக விரைவாகச் சுழற்றிவிட்டாரென்றும், நடு நிலையத்தில் இருந்தவர்களால் இலக்கத்தை வாசிக்க இயலாது போகவே அவர் தாமே ஓடிவந்து செய்தியைச் சொன்னாரென்றும் வழங்கப்படுகின்றது. நரம்பு சரியாகவே இருந்தது. உணர்ச்சிதான் மிகுந்துவிட்டது.

சிக்காகோவில் நிகழ்ந்ததற்கு இவ்வாறு நகைக்க முடியாது. 1871 ஒக்டோபர் 8ஆந் திகதி இரவு அந்நகரின் நீதிமன்றக் கட்டடத்துக் கோபுரத்திலே மத்தியாஸ் ஷாபர் என்னும் காவற்காரர் கடமையில் இருந்தார். மழையற்று வறண்டிருந்த காலம். முந்தைய நாள் எரிந்த பெருந்தீயின் தணல் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. தென்மேற்கே ஒளி தெரிந்தபோது, அவர் இடத்தைக் கணித்து, கீழேயிருந்த தந்தி இயக்குநர் வில்லியம் பிரவுணுக்கு 342ஆம் பெட்டியின் இலக்கத்தை ஒலிப்பிக்கும்படி சொன்னார். உண்மையில் தீ எரிந்த டீகோவன் வீதி அப்பெட்டியிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலே இருந்தது. சற்று நேரத்தில் ஷாபர் தம் பிழையை உணர்ந்தார். இடத்துக்கு மேலும் நெருங்கிய வேறோர் இலக்கத்தை ஒலிப்பிக்குமாறு கேட்டார். பிரவுண் மறுத்துவிட்டார். ஒருமுறை ஒலித்த இலக்கத்தை மாற்றினால் தீயணைப்போர் குழம்பிவிடுவர் என்பது அவர் கூறிய காரணம்.

அக்காரணத்தை மடமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆயின், அன்று அந்த மேசையில் இருந்திருப்பவர் வேறெவரும் அவ்வாறே எண்ணியிருக்கக் கூடும். நடு நிலையத்தின் ஆற்றலே அதன் ஒருமையில்தான் தங்கியிருக்கின்றது. நகரிலுள்ள எல்லா மணிகளும் ஒரே இலக்கத்தைச் சொல்வதனாலேயே அச்சொல்லை எல்லாரும் நம்புகின்றனர். தன் சொல்லைத் தானே மறுக்கும் நடுவிடத்தை எவர் நம்புவர்? பிரவுண் அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற முயன்றார். நகரம் எரிந்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஒரு இலட்சம் பேர் வீடிழந்தனர். தந்தி இயக்குநர் இருந்த நீதிமன்றக் கட்டடமும் எரிந்து வீழ்ந்தது. அன்றிரவு இடம் தவறாது முதலிற் புறப்பட்ட வண்டியோ, நடு நிலையத்தின் மணியை எதிர்பாராது, தன் நிலையத்துக் காவலர் கண்ணாற் கண்ட ஒளியை நோக்கி ஓடியது. மக்கள் நினைவில் ஓலியரி என்னும் பெண்ணின் பசு விளக்கை உதைத்த கதையே நிலைத்துவிட்டது. அக்குற்றச்சாட்டிலிருந்து அப்பெண்ணையும் பசுவையும் சிக்காகோ நகரசபை 1997இல் விடுவித்தது. வாயில்லாச் சீவனுக்கு நீதி கிடைக்க 126 ஆண்டுகள் பிடித்தன.

மீண்டும் பரிஸின் பலகைக்கு வருவோமாயின், ஒரு வினா எழும். செவ்விளக்கு மின்னியதும் தீயணைப்புப் படையை அழைத்திருக்கலாமே; பின்னர் ஆறுதலாய்ப் போய்ப் பார்த்திருக்கலாமே? அங்கு நடைமுறை அவ்வாறு இருக்கவில்லை. முதலில் ஒருவர் சென்று தீயைக் கண்ணாற் கண்டு உறுதிப்படுத்த வேண்டும்; அதன்பின்னரே அழைப்பு. இவ்விதியை வகுத்தவர்களையும் முற்றாகக் குறைகூற முடியாது. புகையுணர் கருவிகள் அறிவிக்கும் புகைகளுட் பெரும்பாலானவை தீ அல்ல. தூசி, நீராவி, சமையற் புகை, கருவிக்குட் புகுந்த சிறு பூச்சி ஆகிய யாவும் அதற்குப் புகையே. சோறு கரியும் புகைக்கும் ஓர் ஊர் எரியும் புகைக்கும் உள்ள வேறுபாடு அதன் இலக்கத்துக்குள் அடங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தீயணைப்பு வண்டி புறப்படுமாயின் வண்டிகள் நிலையத்திலே நிற்கமாட்டா.

'புலி வருகிறது' என்று கூவிய இடையச் சிறுவனின் கதை எல்லாரும் அறிந்ததே. அக்கதையிலே சிறுவன் விளையாட்டுக்காகப் பொய் சொன்னான். ஆதலால் அவனைக் குறை கூறிவிட்டுக் கதையை முடிக்க முடிகின்றது. பலகை விளையாடுவதில்லை. ஒவ்வொரு முறையும் தான் உணர்ந்ததை உணர்ந்தவாறே சொல்கின்றது. கேட்பவரின் செவியிலேதான் அது மெல்லமெல்லப் பொய்யாகின்றது. பலகைகளில் 'ஒலியை நிறுத்து' என்றொரு பொத்தான் உண்டு. பல கட்டடங்களில் அதன்மேல் எழுதிய எழுத்துத்தான் முதலில் தேய்ந்து அழிகின்றது.

பல்கலைக்கழக மாணவர் இதனை அயலார் செய்தியாகக் கொள்ள இயலாது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 19ஆந் திகதி, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துச் செற்றன் ஹோல் பல்கலைக்கழகத்தில், புதுமுக மாணவர் தங்கும் போலண்ட் விடுதியிலே அதிகாலை 4.30 மணியளவிற் தீ மூண்டது. மணி ஒலித்தது. முந்தைய மாதங்களில் அவ்விடுதியிலே பொய்யொலிகள் பன்முறை எழுந்திருந்தன. நடுங்கும் குளிரில் மாணவர் மீண்டும் மீண்டும் வெளியே போய் நின்று திரும்பியிருந்தனர். அன்றும் அத்தகையதே என எண்ணிப் பலர் படுக்கையிலே கிடந்தனர். மூன்று மாணவர் மாண்டனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தீயை மூட்டியவர்கள் என இரு மாணவர் 2006இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டனர். அவ்விடுதியில் தானாக நீர் தூவும் குழாய்கள் இருக்கவில்லை. தீ மூண்ட 2000ஆம் ஆண்டிலேயே மாணவர் விடுதிகளில் அவற்றைப் பொருத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் அம்மாநிலத்திற் கொண்டுவரப்பட்டது.

நோத்ர் தாமின் பரணிலும் நீர் தூவும் குழாய்களோ தீயைத் தடுக்கும் இடைச்சுவர்களோ இருக்கவில்லை. பழைமை வாய்ந்த மரவேலைப்பாட்டைச் சிதைக்கலாகாது என்ற எண்ணம் அதற்குக் காரணமாயிற்று. தொன்மையைப் போற்றுவோர் எவரும் அவ்வெண்ணத்தைப் புரிந்துகொள்வர். முதிர்ந்த ஓக் மரம் மெல்லவே எரியும். ஆதலாற் கண்டறிந்து செயற்பட நேரம் இருக்கும் என்றும் கருதப்பட்டது. உடல்வலிமையுள்ள ஒருவர் பரணுக்குச் செல்லும் படிகளை ஏற ஆறு நிமிடம் போதுமெனக் கணக்கிடப்பட்டிருந்தது. மரம் மெல்ல எரியும் என்பதும், மனிதர் விரைவாய் ஏறுவர் என்பதும், பலகையின் சொற்களை அவர் சரியாகவே வாசிப்பர் என்பதும் ஆகிய மூன்று எதிர்பார்ப்புக்களின்மேல் அப்பெருங்கூரை நின்றது. முதலிரண்டையும் ஆராய்ந்து கணக்கிட்டவர்கள், மூன்றாவதனைக் கணக்கிடத்தக்க பொருளாகவே எண்ணியிருக்கவில்லை போலும்.

திருப்பண்ட அறையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஊழியர் தம் மேலாளருக்குத் தொலைபேசி எடுத்தார். விடை கிடைக்கவில்லை. சிறிது நேரத்தின்பின் மேலாளர் திரும்ப அழைத்தார். பேச்சின் நடுவே பிழை எங்கே நேர்ந்தது என்பது அவர்களுக்குத் துலங்கிற்று. திருப்பண்ட அறையன்று, பேராலயத்தின் பெரும்பரண் என்பதை உணர்ந்ததும் காவலாளியை அங்கே போகும்படி பணித்தனர். ஒடுங்கிய கற்படிகள் ஏறத்தாழ 300. அவற்றை ஏறி மேலே சென்றடைந்தபோது, பரணிலே தீ கட்டுக்கடங்காது பெருகியிருந்தது. தீயணைப்புப் படைக்கு அழைப்புச் செல்லும்போது 6.50ஐ அண்மித்திருந்தது. 7.50 அளவில் ஆலயத்தின் கூர்ங்கோபுரம் முறிந்து வீழ்ந்தது. அதன்பின்னர் வடபுற மணிக்கோபுரத்திற் பற்றிய தீயைத் தீயணைப்போர் உயிரைப் பணயம் வைத்து உள்ளே ஏறி அணைத்தனர். அங்கே தொங்கிய பெருமணிகள் வீழ்ந்திருப்பின் கோபுரமும், அதனோடு ஆலயமும் சரிந்திருக்கும் என்பது அவர்களது கணிப்பு. அன்று உயிரிழந்தோர் எவருமிலர்.

தீ எதனால் மூண்டது என்பது திட்டவட்டமாக நிறுவப்படவில்லை. மின்கசிவு, அணையாத சிகரெட்டு என ஊகங்கள் சொல்லப்பட்டன. யார் யாருக்கு என்ன சொன்னார், யார் எதனைத் தவறாகக் கேட்டார் என்பதிலும் சம்பந்தப்பட்டோரிடையே உடன்பாடு ஏற்படவில்லை. பலகையின் முன்னிருந்த ஊழியரைப் பொலிசார் விசாரித்தனர். செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதின. மூன்று நாள் அனுபவமும் பதினாறு மணிநேரக் கடமையும் அவருடைய குற்றத்தைப் பெருக்கும் செய்திகளாக எழுதப்பட்டனவா, குறைக்கும் செய்திகளாக எழுதப்பட்டனவா என்பது எழுதியவரின் மனத்தைப் பொறுத்ததாயிற்று.

சொற்களைச் சுருக்கித் தட்டெழுதியவரை எவரும் தேடவில்லை. 'பெரும்பரண்' என்று ஒரு சொல்லை அவர் இட்டிருந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்களாலான காடொன்று எஞ்சியிருக்கும் என்று துணிந்து கூறுவதற்கில்லை. ஆனால் காவலாளி முதலிலேயே சரியான படிக்கட்டில் ஏறியிருப்பார். அவருடைய தவறு சட்டத்தின் எந்தப் பிரிவுக்குள்ளும் அடங்காது. அவர் பொய் எழுதவில்லை, குறைவாக எழுதினார். தமக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணினார். கட்டுரை எழுதும் மாணவர் முதல் சுற்றறிக்கை எழுதும் பதிவாளர் வரை இப்பிழையிலிருந்து தப்பியவர் எத்தனை பேர்?

பேராலயம் ஐந்தாண்டுக்கு மேலாகப் புனரமைக்கப்பட்டு 2024 டிசெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. கூரையின் சட்டங்களை முன்போலவே ஓக் மரத்தினால், பழைய தச்சர் கையாண்ட கோடரிகளை ஒத்த கோடரிகளாற் செதுக்கி அமைத்தனர். ஆயினும் ஒன்று முன்போல் இல்லை. பரணைப் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்கள் இப்பொழுது உண்டு. நுண்துளியாய் நீர் தூவும் குழாய்களும் மரச்சட்டங்களிடையே ஓடுகின்றன. உணர்கருவிகளும் பலகையும் புதியவை. செவ்விளக்கு மின்னும்போது அதன் முன் இருப்பவர் வாசித்து முடிக்கும்வரை அச்சுவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.